பழைய ஸ்னோமொபைல் கார்ப்ரேட்டருக்கு உதிரிபாகம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

1960களிலிருந்து 1980கள் வரை வட அமெரிக்காவில் ஓடிய டூ-ஸ்ட்ரோக் ஸ்னோமொபைல்களுக்கான (பனியில் ஓடும் வண்டிகள்) பக்கம் இது. ஸ்கீ-டூ, ஆர்க்டிக் கேட், போலாரிஸ், யமஹா, மோட்டோ-ஸ்கீ, ரப் என்று வண்டியின் பெயர் எதுவானாலும், பானெட்டைத் திறந்தால் பெரும்பாலும் இரண்டு குடும்பங்களில் ஒன்றுதான் தென்படும். ஒன்று டயாஃப்ரம் (ரப்பர் பூசிய சவ்வு) வைத்த டில்லட்சன் அல்லது வால்ப்ரோ. மற்றது ஃப்ளோட் (மிதவை) கிண்ணம் வைத்த மிகுனி விஎம். இரண்டுக்கும் வேலை முறையே வேறு.

வண்டியின் மாடலும் ஆண்டும் சொன்னால் சரியான பாகம் கிடைத்துவிடுமா?

அதை மட்டும் நம்பி வாங்க வேண்டாம். நாற்பது, ஐம்பது வருடத்தில் பல கை மாறிய வண்டியில் தொழிற்சாலை பொருத்திய கார்ப்ரேட்டரே இருக்கும் என்று சொல்ல முடியாது. ஒரே பெயரில் பல வருடம் வந்த வண்டிகளில் கம்பெனியே இடையில் மாற்றியதும் உண்டு. ஸ்கீ-டூ எலான் 1971 முதல் 1996 வரை விற்பனையில் இருந்தது. ஆரம்ப வண்டிகளில் டில்லட்சன், பிந்தையவற்றில் மிகுனி. "எலான் கார்ப்ரேட்டர் கிட்" என்று கேட்டால் கடைக்காரர் எதைக் கொடுப்பார்? கார்ப்ரேட்டர் உடம்பில் உள்ள எண்ணைப் படித்து, அந்த எண்ணுக்கு வாங்குங்கள். மாடல் விவரம் ஜெட் (பெட்ரோல் பாயும் சிறு துளை உள்ள பித்தளைத் திருகு) அளவை உறுதி செய்யும்போது உதவும், அவ்வளவுதான்.

அந்த எண் எங்கே இருக்கும்?

டில்லட்சனில் எஞ்சினோடு சேரும் ஃப்ளாஞ்சின் ஓரத்திலோ, உடம்பின் பக்கவாட்டிலோ குத்தியிருப்பார்கள். எச்எல், எச்ஆர், எச்டி என்ற இரண்டெழுத்து குடும்பத்தைச் சொல்லும். அதன் பின்னால் வரும் எண்ணும் கடைசி எழுத்தும் எந்த எஞ்சினுக்காக அமைத்தது என்பதைச் சொல்லும். முழுவதையும் குறித்துக்கொள்ளுங்கள், கடைசி எழுத்து உட்பட.

மிகுனியில் விஎம்28, விஎம்30, விஎம்34 என்று வரும். அந்த எண் மில்லிமீட்டரில் உள் துளையின் அளவு. அதன் பின்னால் ஒரு கோடும் இன்னொரு எண்ணும் இருந்தால் அது தொழிற்சாலை அமைப்பின் அடையாளம். எந்த ஜெட், எந்த ஸ்லைடு (காற்று வழியை மூடித் திறக்கும் உருளை), அதோடு ஏறி இறங்கும் எந்த நீடில் போட்டு வந்தது என்பதை அதை வைத்துத்தான் பட்டியலில் தேட வேண்டும். எழுத்து அழுக்கில் மறைந்திருந்தால் பித்தளை பிரஷ்ஷும் கார்ப் கிளீனரும் போதும். எமரி தாள் வேண்டாம், எண்ணே போய்விடும்.

டில்லட்சனுக்கு ஆர்கே கிட், டிஜி கிட் என்று இரண்டு இருக்கிறதே?

டிஜி என்று தொடங்குவதில் டயாஃப்ரமும் கேஸ்கட்டும் மட்டும் இருக்கும். ஆர்கே என்று தொடங்குவது முழு ரிப்பேர் கிட். அதில் இன்லெட் நீடில் (பெட்ரோல் நுழையும் வழியை மூடித் திறப்பது), அது உட்காரும் சீட், லீவர், ஸ்பிரிங், வெல்ச் பிளக் (துளையை மூடும் சிறு உலோக வில்லை) போன்றவையும் வரும். பல வருடம் ஓடாமல் கிடந்த வண்டிக்கு ஆர்கே வாங்குங்கள். தேய்ந்த இன்லெட் நீடிலை விட்டுவிட்டு டயாஃப்ரம் மட்டும் மாற்றினால், ஒரு வாரத்தில் மறுபடி கழற்ற வேண்டியிருக்கும்.

கம்பெனி நிறுத்திவிட்டது என்கிறார்கள். எங்கே தேடுவது?

ஸ்னோமொபைல் கம்பெனியின் பாக எண்ணை வைத்துத் தேடினால் "நிறுத்தப்பட்டது" என்றுதான் வரும். கார்ப்ரேட்டர் கம்பெனியின் எண்ணை வைத்துத் தேடுங்கள். மிகுனி விஎம் வகைக்கு ஜெட், நீடில், நீடில் ஜெட், ஃப்ளோட் வால்வு எல்லாம் இன்றும் புதிதாகக் கிடைக்கின்றன. டில்லட்சன் கிட்டுகளும் வருகின்றன. எச்எல் வகை கோ-கார்ட்டுகளிலும் ஓடியதால் கார்ட் கடைகளையும் விட்டுவிடாதீர்கள்.

உடம்பு, த்ராட்டில் ஷாஃப்ட், ஸ்லைடு போன்ற உலோகப் பாகங்களுக்குப் பழைய வண்டி உடைக்கும் இடங்களும், பரிமாற்றச் சந்தைகளும்தான் வழி. மினசோட்டாவின் நார்த் பிராஞ்சில் செப்டம்பரில், தொழிலாளர் தின விடுமுறைக்கு அடுத்த வார இறுதியில் நடக்கும் 'ஹே டேஸ்' இதற்குப் பெயர்போனது. ஒன்ராறியோ, கியூபெக்கில் இருப்பவர்கள் பக்கத்து ஊர் பழைய வண்டி கிளப்புகளின் சந்தையையும் பார்க்கலாம். போகும்போது வெர்னியர் காலிப்பரையும், உங்கள் கார்ப்ரேட்டரின் நாலாபக்கப் படத்தையும் எடுத்துப் போங்கள். த்ராட்டில் ஷாஃப்ட்டைப் பிடித்து மேலும் கீழும் ஆட்டிப் பாருங்கள். ஆட்டம் தெரிந்தால் அந்தத் துளை வழியாகக் காற்று புகும். அதை வாங்க வேண்டாம்.

பிரிக்காத பழைய பாக்கெட் கிட் மலிவாகக் கிடைக்கிறது. வாங்கலாமா?

பித்தளை ஜெட், நீடில், ஸ்பிரிங், லீவர் இவற்றுக்காக வாங்கலாம். டயாஃப்ரத்துக்காக வேண்டாம். பெட்ரோலே படாமல் பாக்கெட்டில் இருந்தாலும் ரப்பர் பூச்சு இறுகும். விரலால் மெல்ல வளைத்துப் பாருங்கள். துணி மாதிரி தொய்ந்து விழ வேண்டும். விறைத்து நின்றாலோ, சரசரவென்று சத்தம் வந்தாலோ அது கழிவு. இன்றைய பெட்ரோலில் கலக்கும் எத்தனாலையும் அந்தக் காலப் பொருள் தாங்காது.

மிகுனி போலிகளை எப்படிக் கண்டுபிடிப்பது?

ஜெட்டின் தலையைப் பூதக்கண்ணாடியில் பாருங்கள். அசலில் எண் தெளிவாகப் பதிந்திருக்கும், சதுரத்துக்குள் சதுரம் போன்ற மிகுனி முத்திரையும் இருக்கும். துளையின் விளிம்பு பிசிறில்லாமல் இருக்கும். போலியில் எழுதிய எண் ஒன்று, பாயும் பெட்ரோல் வேறு. நூறு ரூபாய் மிச்சம் பிடிக்கப் போய் ஒரு பிஸ்டனை இழக்கும் இடம் இது.

கழற்றிச் சுத்தம் செய்யும்போது எதில் கவனம்?

பிரிக்கும் ஒவ்வொரு கட்டத்திலும் படம் எடுங்கள். பெட்ரோல்-காற்றுக் கலவையைச் சரிசெய்யும் ஸ்குரூக்களை வெளியே எடுக்கும் முன், மெதுவாக உள்ளே திருகி, எத்தனை சுற்றில் தொட்டது என்று எழுதி வைத்துக்கொள்ளுங்கள். அழுத்தித் திருகினால் கூர்முனையில் வளையம் விழும், அதற்குப் பிறகு ஐடில் நிற்காது.

ரப்பர், பிளாஸ்டிக் எல்லாவற்றையும் எடுத்த பிறகே கடுமையான கிளீனரில் முக்க வேண்டும். டில்லட்சனின் மெயின் நாஸிலில் ஒரு செக் வால்வு இருக்கும். அதன் வழியாக கம்ப்ரஸர் காற்றைப் பலமாக அடித்தால் கெட்டுப்போகும். கெட்டால் ஐடிலில் நாஸில் வழியே காற்று பின்னால் இழுபட்டு, எவ்வளவு திருகினாலும் ஐடில் லீனாகவே (பெட்ரோல் குறைவு, காற்று அதிகம்) இருக்கும். ஜெட் துளைக்குள் இரும்புக் கம்பி, டிரில் பிட் விடவே கூடாது. நைலான் மீன்வலை இழை போதும்.

பெட்ரோல் நுழையும் இடத்தில் மூடிக்கு அடியில் மெல்லிய வலை வடிகட்டி ஒன்று உண்டு. பலர் அதைத் திறப்பதே இல்லை. அது பாதி அடைத்திருந்தால் வண்டி ஸ்டார்ட் ஆகும், மெதுவாக நன்றாகவே ஓடும். முழு த்ராட்டிலில் மட்டும் பெட்ரோல் போதாமல் லீனாகும். எஞ்சினைக் கொல்வது அந்த நேரம்தான்.

டில்லட்சன் கிட் பொருத்தும் வரிசை என்ன?

முதலில் இன்லெட் சீட். பழைய சீட்டை எடுக்கும்போது அதன் அடியில் இருக்கும் மெல்லிய வாஷரையும் கொக்கியால் எடுத்துவிடுங்கள். அது உள்ளேயே இருக்க, புது வாஷரை அதன் மேல் வைத்தால் பெட்ரோல் சீட்டைச் சுற்றிக் கசியும். சீட்டை மிதமாக இறுக்குங்கள். அதிகம் இறுக்கினால் வட்டம் நெளிந்து நீடில் உட்காராது.

பிறகு நீடில், ஸ்பிரிங், லீவர், லீவரைத் தாங்கும் சிறு ஊசி. ஸ்பிரிங் உடம்பில் உள்ள குழியிலும் லீவரின் சிறு புடைப்பிலும் சரியாக உட்கார வேண்டும். இனிதான் முக்கிய அளவு. இந்த எச்எல், எச்ஆர், எச்டி குடும்பங்களில் லீவரின் நுனி மீட்டரிங் அறையின் (லீவர் உட்காரும், டயாஃப்ரம் மூடும் குழி) தரையோடு சமமாக இருக்க வேண்டும். நேர்விளிம்பு உள்ள தகடு ஒன்றை வைத்துப் பாருங்கள். லீவர் மேலே நின்றால் பெட்ரோல் அதிகம் வந்து பிளக் நனையும். கீழே தாழ்ந்தால் பெட்ரோல் குறையும். வளைக்கும்போது நீடிலை விரலால் அழுத்தியபடி வளைக்காதீர்கள், முனையில் பள்ளம் விழும்.

மீட்டரிங் பக்கம் கேஸ்கட் முதலில் உடம்பின் மேல், அதற்கு மேல் டயாஃப்ரம், பிறகு மூடி. இரண்டையும் இடம் மாற்றினால் டயாஃப்ரத்துக்கும் லீவருக்கும் உள்ள தூரம் மாறி, சரியாக வைத்த லீவர் அளவும் வீணாகும். டயாஃப்ரத்தின் நடுவில் உள்ள கொக்கி லீவரில் மாட்டும் வகையா, வெறுமனே தொடும் வகையா என்று பழையதைப் பார்த்து உறுதி செய்யுங்கள். டில்லட்சனுக்குள் இருக்கும் பெட்ரோல் பம்ப் பக்கத்தில் பழையது இருந்த வரிசையையே பின்பற்றுங்கள். எடுத்த படம் இங்கேதான் கைகொடுக்கும்.

வெல்ச் பிளக் எடுத்திருந்தால், புதியதைக் குமிழ் மேலே பார்க்க வைத்து, அதைவிடச் சற்றே சிறிய, தட்டை முனை உள்ள பஞ்ச் கருவியால் ஒரே சீராகத் தட்டி மட்டமாக்குங்கள். குழிந்துபோனால் விளிம்பு பிடிக்காது. விளிம்பில் துளி நகப்பூச்சு தடவினால் கசிவு நிற்கும்.

பூட்டும் முன் கை பம்பை இன்லெட்டில் மாட்டி அழுத்தம் கொடுத்துப் பாருங்கள். பம்பின் அழுத்தமானி முள் இறங்காமல் நிற்க வேண்டும். மெல்ல இறங்கினால் சோப்புத் தண்ணீரில் எங்கே குமிழ் வருகிறது என்று தேடுங்கள்.

ஸ்குரூவை வெளியே திருப்பினால் ரிச்சா, லீனா?

இது தெரியாமல் கெட்ட எஞ்சின்கள் ஏராளம். டில்லட்சனில் இருக்கும் இரண்டு ஸ்குரூவும் பெட்ரோலைக் கட்டுப்படுத்துபவை. வெளியே திருப்பினால் பெட்ரோல் கூடும், ரிச். மிகுனி விஎம்மில் பக்கவாட்டில் இருக்கும் சிறு ஸ்குரூ காற்றைக் கட்டுப்படுத்துவது. வெளியே திருப்பினால் காற்று கூடும், லீன். நேர் எதிர். வண்டியில் இருந்த டில்லட்சனைக் கழற்றி மிகுனி போட்டவர் பழைய பழக்கத்தில் திருப்பினால், பாதுகாப்புக்காகச் செய்ததே ஆபத்தாகிவிடும்.

தொடக்கமாக டில்லட்சனில் லோ, ஹை இரண்டையும் ஏறத்தாழ ஒரு சுற்று திறந்து, ஹையைக் கூடுதலாகக் கால் சுற்று வையுங்கள். மிகுனியில் ஏர் ஸ்குரூ ஒன்றரைச் சுற்று. மேனுவலில் வேறு அளவு இருந்தால் அதுதான் சரி.

ஏன் லீனுக்கு இவ்வளவு பயம்?

பெட்ரோலோடுதான் ஆயிலும் போகிறது. பெட்ரோல் குறைந்தால் சூடு ஏறுவதோடு வழவழப்பும் அதே விகிதத்தில் குறைகிறது. பிஸ்டன் விரிந்து சிலிண்டரில் ஒட்டிக்கொள்ள நீண்ட நேரம் தேவையில்லை. ஆள் நடமாட்டம் இல்லாத உறைந்த ஏரியின் நடுவில், சுழியத்துக்குக் கீழே இருபது டிகிரியில் எஞ்சின் பிடித்துக்கொண்டால் அது ரிப்பேர் செலவோடு முடிகிற விஷயம் இல்லை. ரிச்சாக ஓடினால் பிளக் கறுக்கும், புகை வரும். அதைச் சரிசெய்து கொள்ளலாம். முதல் ஓட்டத்துக்கு எப்போதும் ரிச் பக்கமே வையுங்கள்.

மிகுனி எண்களும் எழுத்துகளும் என்ன சொல்கின்றன?

6டிஎச்4 என்று ஒரு நீடிலில் இருந்தால், 6 என்பது நீளம் 60 முதல் 70 மி.மீ.க்குள் என்பதைக் குறிக்கிறது. இரண்டு எழுத்து இருந்தால் நீடில் இரண்டு கட்டமாகச் சாய்கிறது என்று பொருள். ஏ என்பது கால் டிகிரி. ஒவ்வோர் எழுத்துக்கும் கால் டிகிரி கூடும். ஆகவே டி ஒரு டிகிரி, எச் இரண்டு டிகிரி. கடைசி எண் அந்தக் குடும்பத்துக்குள் உள்ள வேறுபாடு. அதையும் சேர்த்தே வாங்க வேண்டும். மேலே ஐந்து பள்ளம் இருக்கும். கிளிப்பைக் கீழ்ப் பள்ளத்துக்கு மாற்றினால் நீடில் உயரும், ரிச்.

நீடில் நுழைந்து ஏறி இறங்கும் நீடில் ஜெட்டில் ஓ-8, பி-4 போன்ற குறி. எழுத்து ஒன்று ஏறினால் துளை 0.05 மி.மீ. பெரிதாகும், எண் ஒன்று ஏறினால் 0.005 மி.மீ. பி-0 என்றால் 2.650 மி.மீ. ஓ-8 என்றால் 2.640. கண்ணுக்குத் தெரியாத வித்தியாசம், எஞ்சினுக்குத் தெரியும். தேய்ந்த நீடில் ஜெட் நீள்வட்டமாகி நடு த்ராட்டிலில் பெட்ரோலை வாரிக் குடிக்கும். நீடிலையும் நீடில் ஜெட்டையும் ஜோடியாக மாற்றுங்கள்.

ஸ்லைடில் 2.0, 2.5, 3.0 என்று இருப்பது வெட்டின் உயரம் மி.மீ.யில். எண் கூடினால் லீன். மெயின் ஜெட்டில் அறுகோணத் தலை, வட்டத் தலை என்று வகைகள் உண்டு. ஒரே எண் என்றாலும் இரண்டும் ஒரே அளவு விடாது. உங்களிடம் இருப்பதன் வகையையே வாங்குங்கள்.

எது எந்த இடத்தில் வேலை செய்யும்?

மூடிய நிலையிலிருந்து கால் த்ராட்டில் வரை பைலட் ஜெட்டும் ஏர் ஸ்குரூவும். எட்டில் ஒரு பங்கிலிருந்து பாதி வரை ஸ்லைடு வெட்டு. காலிலிருந்து முக்கால் வரை நீடிலும் நீடில் ஜெட்டும். அதற்கு மேல் மெயின் ஜெட். கோளாறு எங்கே வருகிறது என்று தெரிய, கைப்பிடியில் டேப் ஒட்டி கால், அரை, முக்கால் என்று கோடு போட்டுக்கொள்ளுங்கள்.

ஆர்எக்ஸ்100 கார்ப்ரேட்டரும் மிகுனி விஎம்தானே? ஊரிலிருந்து பாகம் கொண்டுவரலாமா?

குடும்பம் ஒன்றுதான், அளவு வேறு. அது 20 மி.மீ. துளை, ஸ்னோமொபைலில் பெரும்பாலும் 28 முதல் 38 வரை. ஸ்லைடு, நீடில், நீடில் ஜெட் எதுவும் சேராது. மெயின் ஜெட்டின் மரை பொருந்தினாலும் எண் மிகச் சிறியது, போட்டால் கடும் லீன்.

இன்னொரு வித்தியாசத்தைப் பலர் கவனிப்பதில்லை. பைக்கில் டேங்க் மேலே இருப்பதால் பெட்ரோல் தானாக இறங்கும், அதற்காக ஃப்ளோட் வால்வின் சீட் துளை பெரிதாக இருப்பதுண்டு. ஸ்னோமொபைலில் பம்ப் தள்ளுகிறது. அதற்கு 1.5 மி.மீ. போன்ற சிறு சீட் வேண்டும். பைக்குக்காக விற்கும் பெரிய விஎம்34ஐ வாங்கினால் 3.3 சீட் இருக்கக்கூடும். பம்ப் அழுத்தத்தில் அது மூடாமல் பெட்ரோல் வழியும். சீட்டை மாற்றிவிட்டுப் பயன்படுத்தலாம்.

ஃப்ளோட் உயரம்?

கிண்ணத்தைக் கழற்றி, கேஸ்கட்டை எடுத்துவிட்டு, கார்ப்ரேட்டரைத் தலைகீழாகப் பிடியுங்கள். ஃப்ளோட்டைத் தூக்கும் கை, கேஸ்கட் உட்காரும் பரப்புக்கு இணையாக இருக்க வேண்டும். சாய்ந்திருந்தால் நீடிலைத் தொடும் நாக்கை மட்டும் வளையுங்கள்.

டில்லட்சனை எடுத்துவிட்டு மிகுனி போடலாமா?

போடலாம். நன்றாகவே ஓடும். ஆனால் கார்ப்ரேட்டர் மட்டும் வாங்கினால் வேலை நடக்காது. டில்லட்சனுக்குள்ளேயே பெட்ரோல் பம்ப் இருக்கிறது, மிகுனியில் இல்லை. தனி பல்ஸ் பம்ப் (எஞ்சினின் கிராங்க்கேஸ் அழுத்தத் துடிப்பில் இயங்குவது) வாங்கி, கிராங்க்கேஸிலிருந்து தடித்த சுவர் உள்ள குட்டையான குழாயால் இணைக்க வேண்டும். பல்ஸ் துளை ஃப்ளாஞ்சின் முகத்திலேயே இருந்தால், அதிலிருந்து குழாய்க்கு வழி செய்ய வேண்டும் அல்லது அடைத்துவிட்டு வேறிடத்திலிருந்து எடுக்க வேண்டும்.

போல்ட் ஃப்ளாஞ்சுக்குப் பதிலாக இன்டேக் ரப்பர் வேண்டும். த்ராட்டில் கேபிளும் கட்டை விரல் லீவரும் மாற வேண்டும். டில்லட்சனின் பட்டர்ஃபிளை சிறு இழுப்பில் முழுதும் திறக்கும். 34 மி.மீ. துளையின் ஸ்லைடு முழுதும் தூக்க அத்தனை நீளம் கேபிள் இழுபட வேண்டும். பழைய லீவரோடு விட்டால் ஸ்லைடு பாதியில் நின்றுவிடும், மெயின் ஜெட் எந்த எண் போட்டாலும் வித்தியாசம் தெரியாது.

இன்டேக் ரப்பரில் சிறு வெடிப்பு. சிலிகான் பூசலாமா?

கூடாது. பெட்ரோலில் சிலிகான் ஊறி உரிந்து உள்ளே போகும். புது ரப்பர் வாங்குங்கள். ஐடில் ஏறி இறங்குவது, த்ராட்டில் விட்டதும் ஆர்பிஎம் உடனே குறையாமல் தொங்குவது, இவை காற்றுக் கசிவின் அறிகுறி. ஜெட்டில் கை வைக்கும் முன் இதைத்தான் பார்க்க வேண்டும். இன்டேக்கையும் எக்ஸாஸ்ட்டையும் அடைத்து, எஞ்சினுக்குள் 6 பிஎஸ்ஐ அழுத்தம் ஏற்றுங்கள். நிமிடத்துக்கு 1 பிஎஸ்ஐக்கு மேல் இறங்கினால் கிராங்க் சீல் உட்பட எங்கோ கசிகிறது.

கடுங்குளிருக்கு ஜெட் மாற்ற வேண்டுமா?

வேண்டும், மிகுனியில் இது கட்டாயம். சுழியம் டிகிரியில் இருக்கும் காற்றைவிட மைனஸ் 40இல் காற்று சுமார் 17% அடர்த்தி கூடியது. அடர்ந்த காற்று ஜெட்டிலிருந்து கொஞ்சம் கூடுதலாகத் தானே உறிஞ்சும் என்றாலும், அது தேவையில் ஏறத்தாழ பாதிதான். மீதி 8% அளவை ஜெட் கொடுக்க வேண்டும். 220 ஓடும் இடத்தில் 240 என்று வைத்துக்கொள்ளலாம். பானெட்டின் உட்புறமோ மேனுவலிலோ வெப்பநிலை, உயரப் பட்டியல் இருந்தால் அதையே பின்பற்றுங்கள். மார்ச்சில் வெயில் வந்ததும் ஜெட்டைக் குறைக்க மறந்தால் நஷ்டம் கொஞ்சம் புகைதான். நவம்பரில் போட்ட ஜெட்டோடு ஜனவரியில் முழு த்ராட்டில் பிடித்தால் பிஸ்டன் போகும்.

சரியாக இருக்கிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

புது பிளக் போட்டு, சூடான எஞ்சினில் முழு த்ராட்டிலில் ஒரு நீள ஓட்டம். த்ராட்டிலை விடாமலே கில் சுவிட்சை அழுத்தி நிறுத்தி பிளக்கைக் கழற்றுங்கள். காப்பிப்பொடி நிறம் நல்லது. ஈரக் கறுப்பு ரிச். வெள்ளை, சாம்பல், அதன் மேல் மினுங்கும் அலுமினியத் துகள் என்றால் மேற்கொண்டு ஓட்டாதீர்கள். இன்றைய பெட்ரோலில் பிளக் நிறம் ஏற நேரமாகும். பிளக் துளை வழியாக டார்ச் அடித்து பிஸ்டன் தலையையும் பாருங்கள். டிரான்ஸ்ஃபர் போர்ட் (கலவை சிலிண்டருக்குள் புகும் வழி) பக்கம் கரி படியாமல் கழுவிய மாதிரி சிறு திட்டுகள் இருக்க வேண்டும். அவையே இல்லாமல் முழுதும் கரி காய்ந்து கிடந்தால் லீன்.

சோக் மூடியும் ஐடிலில் ரிச்சாகவே இருக்கிறது?

மிகுனியின் சோக் உண்மையில் தனிப் பெட்ரோல் வழி. அதன் பிளஞ்சரின் அடியில் உள்ள ரப்பர் இறுகியோ பள்ளம் விழுந்தோ இருந்தால் எப்போதும் கசியும். கேபிளில் 1 மி.மீ. தளர்வாவது இருக்க வேண்டும். ஸ்டார்ட் செய்யும்போது த்ராட்டிலைத் தொட்டால் இந்த சோக் வேலை செய்யாது என்பதையும் நினைவில் வையுங்கள்.

இரண்டு கார்ப்ரேட்டர் வண்டியில் கூடுதலாக என்ன?

இரண்டு ஸ்லைடும் ஒரே கணத்தில் அசையத் தொடங்கி, ஒரே கணத்தில் முழுதும் திறக்க வேண்டும். ஏர்பாக்ஸைக் கழற்றி, சம அளவு டிரில் பிட் இரண்டை ஸ்லைடுகளின் அடியில் செருகி, கேபிள் நட்டால் சமப்படுத்துங்கள். ஒன்று பின்தங்கினால் அந்த சிலிண்டர் மற்றதன் வேகத்தில் இழுபட்டு லீனாகும்.

எல்லாம் பூட்டியாகிவிட்டது. கயிற்றை இழுக்கலாமா?

முதலில் ஹேண்டில்பாரை இடது கோடி வரை, வலது கோடி வரை திருப்பி, இரண்டு பக்கமும் த்ராட்டிலை முழுதும் அழுத்தி விடுங்கள். ஸ்லைடு டக்கென்று அடியில் விழும் சத்தம் கேட்க வேண்டும். மெதுவாக இறங்கினால் கேபிள் நெளிந்திருக்கிறது அல்லது ஸ்லைடின் பள்ளம் உடம்பில் உள்ள பின்னில் உட்காரவில்லை. கில் சுவிட்ச் வேலை செய்கிறதா என்று பார்த்து, வண்டியின் பின்புறத்தை ஸ்டாண்டில் தூக்கி வைத்து, பின்னால் யாரும் நிற்காமல் பார்த்துக்கொண்டு இழுங்கள்.

சீசன் முடிந்ததும்?

மிகுனியில் கிண்ணத்தின் அடி நட்டைத் திறந்து முழுதும் வடித்துவிடுங்கள். டில்லட்சனைக் காய விட்டால் டயாஃப்ரம் சுருங்கும். எத்தனால் இல்லாத பெட்ரோலில் ஆயிலும் ஸ்டெபிலைசரும் கலந்து சில நிமிடம் ஓட்டி, அதோடு நிறுத்தி வையுங்கள். டேங்கிலிருந்து வரும் குழாயை நகத்தால் அழுத்திப் பாருங்கள். தடம் விழாத அளவுக்கு இறுகியிருந்தால் கோடையிலேயே மாற்றிவிடலாம், டேங்குக்குள் இருக்கும் வடிகட்டியோடு சேர்த்து.